கக்கூஸ்ல பூத்த பூ

போன கோயில் கொடைக்கு மூத்தவன் குடும்பத்தோட வந்திருந்தான். சென்னையில எட்டாவது மாடியில குடியிருக்கான். பேரப்பயலுக்கு ஏழு வயசு, இங்கிலீஸ் பள்ளிக்கூடம். வந்த மறுநா காலையில ஆச்சி திண்ணையில உக்காந்து பிச்சிப்பூ கட்டிக்கிட்டிருந்தா. சாயங்காலம் அம்மனுக்குச் சாத்தணும். பய போயி ஒட்டி உக்காந்தான்.

"ஆச்சி, ஒரு ஜோக் சொல்லட்டா?"

"சொல்லு ராசா."

"டிகர் ஏன் டாய்லெட்டுக்குள்ள தலையை விட்டுப் பாத்துச்சு?"

"ஏன்?"

"பூவைத் தேடிச்சு!"

சொல்லிட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உருளுதான். ஆச்சிக்கு நாரு பிடிச்ச கை அப்படியே நின்னுபோச்சு. மருமவ பக்கம் திரும்பி, "ஏ தாயி, சாமிக்குக் கட்டுத பூவை எவ கொண்டுபோயி கக்கூஸ்ல போட்டா?"ன்னு கேட்டா பாருங்க, தூண்ல சாஞ்சுக்கிட்டிருந்த எனக்கு வெத்திலைச்சாறு புரையேறிட்டு. மூத்தவன் மட்டும் சிரிக்கல. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு, "இப்படி அசிங்கமாப் பேசாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்"ன்னு பிள்ளையை அதட்டுதான்.

இவன் ஏழு வயசுல பேசுன பேச்சை நான் எடுத்து விட்டேன்னா மருமவ ராத்திரி சோறு போட மாட்டா. பெரிய மனுசன் ஆயிட்டானேன்னு வாயை மூடிக்கிட்டேன். அவனுக்குச் சொல்லாத புத்தியை உங்களுக்குச் சொல்லுதேன். உங்க வீட்லயும் இப்படி ஒரு பிள்ளை இருக்கும், அப்படி ஒரு அப்பனும் இருப்பான்.

முதல்ல அந்த ஜோக்கு என்னன்னு தெரியணுமில்லா. எனக்கும் விளங்கல. மக வழிப் பேத்தி காலேஜ்ல இங்கிலீஸ் இலக்கியம் படிக்கா, அவகிட்ட கேட்டேன். வின்னி த பூன்னு ஒரு கரடிப் பொம்மையாம். ஏ.ஏ. மில்ன்னு ஒரு வெள்ளைக்காரர் தன் மகன் விளையாடுத பொம்மையை வச்சு 1926-ல எழுதுன புஸ்தகம். குதிச்சுக்கிட்டே திரியுத டிகர்ங்கிற புலி 1928-ல அடுத்த புஸ்தகத்துல வந்து சேந்துச்சு. டிஸ்னிக்காரன் 1966-ல கார்ட்டூனாக்கி உலகம் பூராவும் கொண்டு போயிட்டான். கரடிக்கு எந்நேரமும் தேன் நெனப்பு. தேன் சட்டி எங்க இருந்தாலும் தலையை உள்ள விட்டுரும். அதோட பேரு 'பூ'. இங்கிலீஸ்காரப் பிள்ளை ரெண்டுக்குப் போறதுக்குச் சொல்லுத பேரும் 'பூ'. எழுத்து வேற, சத்தம் ஒண்ணு. அம்புட்டுதான் சங்கதி.

இதுல சூட்சுமத்தைப் பாருங்க. புலி தன் சேக்காளியைத் தேடுது. தேடுறது நல்ல காரியம்தான? பிள்ளை வாயில ஒரு கெட்ட வார்த்தை வந்துச்சா? வரல. அவன் ஒரு கரடி பேரைச் சொன்னான். நாத்தம் எங்கேருந்து வந்துச்சு? கேட்டவன் காதுலேருந்து வந்துச்சு. சொன்னவன் வாயி சுத்தம், அழுக்கு வேலை பூராவும் கேக்குறவன் தலையில. இதுக்கு மேல ஒரு களவாணித்தனம் உண்டா? கையில மண்ணு படாம பக்கத்துக் காட்டுக் கெழங்கைத் தோண்டுத வித்தை இது. பிள்ளைய சிரிக்கது பீயை நெனச்சு இல்ல, பெரியவுக தானா வந்து குழியில விழுந்தாகளேன்னு சிரிக்குது.

இன்னொண்ணு. இந்த ஜோக்குக்கு ஏன் கார்ட்டூன்? ஊர்ல இருக்க கருப்பசாமியையோ கந்தசாமியையோ வச்சுச் சொல்லக் கூடாதா? சொல்லலாம், சிரிப்பு வராது. கந்தசாமி தெனம் சொம்பைத் தூக்கிக்கிட்டு ஓடைக்குப் போறதை நாம பாத்துக்கிட்டுதான இருக்கோம். மிக்கி மவுசு 1928-ல படத்துல வந்தவன். கிட்டத்தட்ட நூறு வருசம். வெள்ளைக் கையுறை மாட்டிக்கிட்டு ஆடுதான், பாடுதான், கப்பல் ஓட்டுதான். ஒரு நாளாவது வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஒதுங்குனதைப் பாத்தவன் உண்டா? தேன் தேனாக் குடிக்கிற கரடி, குடிச்சது எங்க போகுதுன்னு கதை எழுதுனவரும் சொல்லல, படம் போட்டவனும் சொல்லல. பிள்ளை மனசுல அது கேள்வியாக் கெடக்கு. அந்தக் கேள்வி மேல ஜோக்கு போயி உக்காருது. மூடி வச்ச சட்டிதான தொறக்கத் தோணும்?

எங்க ஊர்ல ரிட்டையர் ஆன தமிழய்யா ஒருத்தர் உண்டு. சாயங்காலம் திண்ணைக்கு வருவாரு. அவருகிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். மனுசன் சிரிச்சு முடிச்சிட்டுப் பாடம் நடத்த ஆரம்பிச்சிட்டாரு. சபையில சொல்லக் கூசுததை வேற சொல்லுல மறைச்சுச் சொல்லணும்னு தொல்காப்பியம் சொல்லுதாம். பவணந்தி முனிவரு நன்னூல்ல அதுக்கு இடக்கரடக்கல்னு பேரு வச்சிருக்காராம். பள்ளிக்கூடத்துல அதுக்கு நடத்துத உதாரணமே 'கால் கழுவி வந்தான்'ங்கிறதுதான். கழுவுனது காலை இல்லன்னு வாத்தியாருக்கும் தெரியும், பயலுகளுக்கும் தெரியும். ஆனா பரீட்சையில எழுதுனா மார்க்கு.

ஒரு சொல்லுல ரெண்டு அர்த்தத்தைப் பூட்டுறது சிலேடை. காளமேகப் புலவரு இதுல பெரிய ஆளு. மீனுக்கும் பேனுக்கும் பொருந்துறாப்புல ஒரே பாட்டுப் பாடுனவரு. நாயும் தேங்காயும் ஒண்ணுன்னு பாடுனவரு. சொல்லு அப்படியே கெடந்து ரெண்டு அர்த்தம் தந்தா செம்மொழிச் சிலேடை. சொல்லைப் பிச்சுப் போட்டு ரெண்டு அர்த்தம் எடுத்தா பிரிமொழிச் சிலேடை. இது தண்டியலங்காரம் சொல்லுத கணக்கு.

"அப்போ உம்ம பேரன் செஞ்சது என்ன தெரியுமாவே? இடக்கரடக்கலைத் தலைகீழாத் திருப்பியிருக்கான். நாம அசிங்கத்தை நல்ல சொல்லால மூடுவோம். அவன் நல்ல சொல்லைத் தொறந்து உள்ள அசிங்கத்தைக் காட்டுதான்"னாரு தமிழய்யா. மூத்தவன் காதுல விழட்டும்னு ரெண்டு தடவை சத்தமாச் சொல்ல வச்சேன்.

இதுல பெரிய கூத்து என்னன்னா, இங்கிலீஸ்ல அந்தச் சத்தம் நாத்தம், தமிழ்ல அதே சத்தம் வாசம். பூவும் பொட்டும்பாக, மங்கலமான சொல்லு. ஆச்சி கேட்ட கேள்வி இருக்கே, அது பேரன் ஜோக்கைவிட ஒரு படி மேல. அவன் ஒரு பாசையில ரெண்டு அர்த்தம் வச்சான். இவ ஒண்ணும் தெரியாமலே மூணாவது அர்த்தத்தைக் கொண்டாந்து சேத்துட்டா. இப்போ ரெண்டு பாசைக்கு நடுவுல வளருத பிள்ளையளுக்கு இதனால தெனம் தீவாளி. தமிழ் வகுப்புல டீச்சர் பூன்னு போர்டுல எழுதுனா பின்பெஞ்சுல கெக்கெக்கேங்குது. பூந்தமல்லின்னு பஸ்ஸு போனா ஒருத்தனை ஒருத்தன் இடிச்சுக்கிடுதான். 2008-ல சசி எடுத்த 'பூ' படத்துக்கு இங்கிலீஸ் எழுத்துல பேரு போட்டிருந்ததை அமெரிக்காவுல வளந்த பிள்ளை பாத்தா என்ன நெனைக்கும்னு யோசிச்சுப் பாருங்க. நல்ல படம் அது. பேரு என்ன பாவம் செஞ்சுச்சு?

பேத்தி இன்னொண்ணு சொன்னா. ஸ்டார் டிரெக்குன்னு வானத்துல கப்பல் ஓட்டுத கதை. 1966-ல டிவியில வந்துச்சு, 1973-ல கார்ட்டூனாவும் வந்துச்சு. அந்தக் கப்பல் கேப்டன் தெனம் நடந்ததைக் குறிப்பாச் சொல்லி வைப்பான். அதுக்குப் பேரு 'கேப்டன்ஸ் லாக்'. ஸ்போக்குன்னு ஒரு கூர்க்காதன் கக்கூஸ்ல எதைக் கண்டான்னு கேள்வி. கேப்டனோட லாக்கைக் கண்டான்னு பதில். லாக்குன்னா இங்கிலீஸ்ல மரக்கட்டையும்தான். கட்டை எதைக் குறிக்குன்னு நான் சொல்ல மாட்டேன், எனக்கு வயசாயிட்டு.

இதைக் கேட்டுக்கிட்டிருந்த எங்க சம்மந்தி தூத்துக்குடி ஹார்பர்ல வேலை பாத்தவரு. அவரு சிரிக்கல. "அது கட்டையிலேருந்து வந்த பேருதான் மாமா"ன்னாரு. பழைய பாய்மரக் கப்பல்ல, எம்புட்டு வேகத்துல போறோம்னு தெரியணும்னா ஒரு மரக்கட்டையைக் கயித்துல கட்டிப் பின்னால கடல்ல வீசுவானாம். கயித்துல அளவா அளவா முடிச்சு. மணல் கடிகாரம் காலியாகுத நேரத்துக்குள்ள எத்தனை முடிச்சு கை தாண்டிப் போச்சுன்னு எண்ணி எழுதி வைப்பான். கட்டைக் கணக்கை எழுதுன நோட்டுக்கு லாக் புக்குன்னு பேராச்சு. இன்னைக்கும் கப்பல் வேகத்தை முடிச்சுக் கணக்குலதான சொல்லுதான், ஒரு முடிச்சுன்னா மணிக்கு 1.852 கிலோமீட்டர். ஆக, நோட்டாகிப் போன கட்டையைப் பிள்ளைய திரும்பவும் தண்ணிக்குள்ளயே கொண்டு போட்டுட்டுது. எந்தத் தண்ணிங்கிறதுலதான் வித்தியாசம்.

கக்கூஸ்ங்கிற சொல்லே டச்சுக்காரன் விட்டுட்டுப் போனதுதான். தூத்துக்குடியை 1658-ல போர்ச்சுக்கீசியன்கிட்ட இருந்து பிடிச்சவன் அவன். அவன் பாசையில 'பீ வீடு'ன்னு பச்சையாவே அர்த்தம். நாம அதை வாங்கி, அர்த்தம் தெரியாம, ஏதோ நாகரிகமான சீமைச் சொல்லுன்னு நெனச்சு நாலு தலைமுறை புழங்குனோம். இப்போ அதைச் சொன்னாலும் மருமவளுக்குக் கூசுது. ரெஸ்ட் ரூம்ங்கா. அங்க போயி எவன் ரெஸ்ட் எடுக்கான்? நான் முட்டுவலியோட உக்காந்து எந்திரிக்கதைப் பாத்தா ரெஸ்ட்டுன்னு சொல்லுவியளா?

எல்லாத்துலயும் சொல்லாட்டம் இருக்குன்னு நெனச்சுராதிய. ஷின்சான்னு ஜப்பான் பய ஒருத்தன் கார்ட்டூன்ல வாரான். டவுசரை இறக்கிட்டு ஆடுதான். அது குண்டியாட்டம். முத தடவை சிரிப்பு வரும், பத்தாவது தடவை எனக்கு வரல, பேரனுக்கு வருது. அதை நான் கணக்குல சேக்க மாட்டேன். ஆனா அதே ஜப்பான்காரன் சொல்லுலயும் கெட்டிக்காரன். அவுக பாசையில பீக்கு 'உன்கோ'. 'உன்'னா அதிர்ஷ்டம். அதனால தங்க நெறத்துல சின்னதா உன்கோ செஞ்சு, அதிர்ஷ்டம் வரும்னு பையில தொங்க விடுதான். 2017-ல பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு எழுத்துப் பழகுத புஸ்தகம் ஒண்ணு போட்டான். 1006 எழுத்துக்கு 3018 வாக்கியம், ஒவ்வொரு வாக்கியத்துலயும் உன்கோ வருது. எழுத மாட்டேன்னு அடம் பிடிச்ச பிள்ளைய விழுந்து விழுந்து எழுதுச்சாம். லட்சக்கணக்குல வித்துட்டு. இங்க நம்மாளு அப்படி ஒண்ணு போட்டா மறுநாளே தாசில்தார் ஆபீஸ் முன்னால கொடி பிடிக்க ஆள் வந்துரும்.

சொல்லாமலே சொல்லுத வகையும் ஒண்ணு உண்டு. 2001-ல ஷ்ரெக்குன்னு ஒரு படம். பச்சைப் பூதம். தொடக்கத்துலயே ராசகுமாரிக் கதைப் புஸ்தகத்துல ஒரு தாளைக் கிழிச்சுத் தொடைச்சுப் போட்டுட்டுக் கக்கூஸ்லேருந்து வெளிய வாரான். அதைச் சொல்ல வரல. அந்தப் படத்துல ஒரு ஊருக்குள்ள நுழைஞ்சதும் மரப்பொம்மைய வரிசையா நின்னு வரவேத்துப் பாடுது. புல்லுல மிதிக்காதீயன்னு ஒரு வரி. அடுத்த வரியில எதையோ தொடைங்கன்னு சொல்லிட்டு ஒரு இழு இழுக்குது. புல்லுக்கு இங்கிலீஸ்ல என்ன சத்தமோ, அதே சத்தத்துல முடியுத ஒரு சொல்லுக்குக் காது தயாராகிருது. பொம்மை திரும்பி நிக்கிற தோதும் அப்படி. கடைசியில 'முகத்தை'ன்னு முடிச்சிருது. பாட்டுல கெட்ட சொல்லு இல்ல. அரங்கத்துல இருந்த அம்புட்டுப் பேரு மண்டைக்குள்ளயும் இருந்துச்சு. பேத்தி இதை எனக்குச் செல்லுல போட்டுக் காட்டுனா. எங்க ஊர்ப் பொம்பளைய களையெடுக்கையில போடுத விடுகதையும் இதே சாதிதான். கேக்கையில காது செவந்துரும், விடை பாத்தா உரலும் உலக்கையும். "நீ என்னத்தைடே நெனச்ச?"ன்னு ஒரு கேள்வி கேப்பாளுவ. கல்யாணம் ஆகாத பய அந்தப் பக்கம் அப்புறம் தலைவச்சுப் படுக்க மாட்டான்.

வானத்துலயும் இந்தச் சத்தக் கூத்து உண்டு, யுரேனஸ்னு ஒரு கிரகம். 1781-ல ஹெர்ஷல்னு ஒருத்தரு கண்டுபிடிச்சு, இங்கிலாந்து ராசா ஜார்ஜ் பேரை வைக்கணும்னாரு. அது நெலைக்கல. இப்போ இருக்க பேரை இங்கிலீஸ்ல சொன்னா 'உன் பின்வாசல்'னு காதுல விழும். ஃப்யூச்சுராமான்னு ஒரு கார்ட்டூன்ல இந்தச் சனியன் பிடிச்ச ஜோக்கை ஒழிக்கணும்னே வருங்காலத்துல பேரை மாத்துதாங்க, மாத்துன பேரு அதைவிட மோசம். இதுக்கு நடுவுல 2018-ல விஞ்ஞானிய கண்டு சொல்லியிருக்காக, அந்தக் கிரகத்து மேகத்துல ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்காம். அழுகுன முட்டை நாத்தம். பிள்ளைய சொன்னது பொய்யில்லன்னு ஆயிட்டு.

சரி, நம்ம கதைக்கு வாரேன். கொடை முடிஞ்சு மறுநா பேரனை மட்டும் கூட்டிக்கிட்டுத் தென்காசி போனேன், ஜட்டி எடுக்கணும்னு மருமவ சொல்லியிருந்தா. பஸ்ஸ்டாண்டுல நிக்கோம். பயலுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். வார பஸ்ஸு போர்டை எல்லாம் சத்தமா வாசிக்கான். "சு... ரண்... டை." "செங்... கோட்... டை." அடுத்தாப்புல ஒண்ணு வந்து நின்னுச்சு. "ஆய்..." அதோட நிப்பாட்டிட்டு என்னையப் பாக்கான். கண்ணு ரெண்டும் பளபளங்குது. "க்... குடி." அப்படியே நடுப் பஸ்ஸ்டாண்டுல குத்தவச்சு உக்காந்துட்டான் சிரிச்சு. "தாத்தா, ஆய்! குடி! தாத்தா!" கண்டக்டர் கதவைப் பிடிச்சுக்கிட்டு எங்களையே பாக்காரு. கீரைக்கட்டோட நின்ன கெழவி ஒருத்தி, "எங்க ஊருதான்ப்பா, ஏன் சிரிக்க?"ன்னு கேட்டா. பதில் சொல்ல வாயி வரல எனக்கு.

பாத்தியளா, பிரிமொழிச் சிலேடை. தமிழய்யா கண்டா மார்க்குப் போடுவாரு. இங்கிலீஸ் இல்ல, கார்ட்டூன் இல்ல, அவனா சொந்தமா அறுவடை செஞ்சது. அதட்டி வச்சிருந்தா அந்தப் போர்டை அவன் வாசிச்சே இருக்க மாட்டான்.

நான் என்ன செஞ்சேன்னா, திரும்பி வாரப்போ பஸ்ஸுல அவனுக்கு ஆய்ங்கிறவரு யாருன்னு சொன்னேன். "ஏலே, ஆய் அண்டிரன்னு ஒரு ராசா. கடையெழு வள்ளல்ல ஒருத்தரு. அன்னா தெரியுதில்லா பொதிகை மலை, அது அவரு சீமை. பாட்டுப் பாடி வந்தவனுக்கெல்லாம் யானையைத் தூக்கிக் குடுத்தவரு." பய ஜன்னல் வழியா மலையைப் பாத்தான். கொஞ்ச நேரம் யோசனை. அப்புறம் கேக்கான்: "அந்த யானை எம்புட்டு ஆய் போகும் தாத்தா?"

நாம ராசாவை வச்சு மூடுனதை அவன் யானையை வச்சுத் தொறந்துட்டான். தோத்ததுல எனக்கு வருத்தமில்ல. ராசா பேரு அவனுக்கு இனி சாகுத வரைக்கும் மறக்காது. எட்டாவது மாடியில உக்காந்து மூத்தவன் பத்து வருசம் சொல்லிக் குடுத்தாலும் இது ஏறுமா?

இப்போ அவன் வகுப்புல ஆய்வகம்னு போர்டு கண்டாலும் சிரிப்பு, ஸ்டேஷன் வாசல்ல ஆய்வாளர்னு கண்டாலும் சிரிப்பு. போன வாரம் போன்ல, "தாத்தா, மிஸ்ஸு ஒண்ணுக்குத்தான் விட்டாங்க, ரெண்டா வந்துடுச்சு"ன்னான். கணக்கு மிஸ்ஸான்னு கேட்டேன். ஆமாங்கான். போனைப் பிடுங்கி மூத்தவன், "நீங்கதான்ப்பா இவனைக் கெடுக்கிய"ன்னான். "காலைக்கடனை முடிச்சிட்டியாலே? வீட்டுக் கடனைத்தான் இருபது வருசம் ஆனாலும் முடிக்க மாட்ட போல"ன்னேன். அந்தப் பக்கம் சத்தம் இல்ல. அப்புறம் லேசா ஒரு செருமல் கேட்டுச்சு. சிரிச்சிட்டான்னுதான் நெனைக்கேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் மருமவளுக்குச் சொன்னேன், உங்களுக்கும் சொல்லுதேன். பிள்ளை ஜோக்கு சொன்னா, "எனக்குப் புரியல, விளக்கிச் சொல்லு"ன்னு மட்டும் கேட்டுராதிய. அவன் விளக்குவான். சோத்துத் தட்டு முன்னால இருக்கும்.

அடுத்த லீவுக்குப் பிள்ளையளை ஊருக்குக் கூட்டிட்டு வாங்க. கார்ல வேண்டாம், பஸ்ஸுல வாங்க. தென்காசி பஸ்ஸ்டாண்டுல இறங்கி, போர்டை எல்லாம் சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. ஆய்க்குடிக்கு வண்டி அடிக்கடி உண்டு.